காந்தச் சுருள் இல்லாத சிறிய இணைவு உலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணுக்கரு இணைவிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சி என்றதும், பிரான்சில் எழுந்துகொண்டிருக்கும் ஈட்டர் என்ற பன்னாட்டு இணைவு உலை போன்ற மாபெரும் கட்டுமானங்களே நினைவுக்கு வருகின்றன. அரை மீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்மா (அயனியாகிய சூடான வாயு) இழையைக் கொண்டு அதே வேலையைச் செய்ய முடியுமா என்று அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் கால் நூற்றாண்டாக ஆராய்ந்து வருகிறார்கள். மேல்நிலைப் பள்ளி அளவில் இயற்பியல் படித்தவர்கள் இந்த ஆய்வைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

இந்த ஆய்வை யார் செய்கிறார்கள்?

வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் உரி ஷும்லாக், லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹார்ட்மன் ஆகிய இருவரும் 1995 இல் வெளியிட்ட கோட்பாட்டுக் கட்டுரைதான் இதற்கு வித்து. பிளாஸ்மா இழையின் அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஓடினால் இழை நெளிந்து உடையாமல் நிற்கும் என்று அக்கட்டுரை கணக்கிட்டது. அதைச் சோதிப்பதற்காக 1990களின் இறுதியில் சியாட்டிலில் உள்ள அப்பல்கலைக்கழகத்தில் ஸாப் என்ற கருவி அமைக்கப்பட்டது. பின்னர் அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு நிதியுடனும் லிவர்மோர் ஆய்வகத்தின் கூட்டுடனும் ஃப்யூஸ் என்ற வலுவான கருவி உருவாயிற்று. 2017 இல் ஷும்லாக், பிரையன் நெல்சன், பென்ஜ் கான்வே ஆகிய மூவரும் ஸாப் எனர்ஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். 2023 மே மாதம் எரிசக்தித் துறை தன் இணைவு வளர்ச்சித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த எட்டு நிறுவனங்களில் இதுவும் ஒன்று.

சிறியது என்றால் எவ்வளவு சிறியது?

ஈட்டரின் டோகாமாக் (காந்தச் சுருள்களால் பிளாஸ்மாவை வளையமாக அடக்கும்) எந்திரம் மட்டும் ஏறத்தாழ 23,000 டன் எடையுள்ளது. அதற்குள் 800 கன மீட்டருக்கும் அதிகமான பிளாஸ்மா நிற்கும். ஃப்யூஸ் கருவியின் பிளாஸ்மாவோ 50 செ.மீ. நீளமும் சுமார் 3 மி.மீ. ஆரமும் உடையது. ஆனால் அதற்கு மின்னோட்டம் தரும் மின்தேக்கி அடுக்குகள், கம்பிவடங்கள், வெற்றிடப் பம்புகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் அறை நிறைந்துவிடும். ஆகவே "மேசையளவு உலை" என்று செய்திகளில் வருவதைப் பிளாஸ்மாவின் அளவாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அளவு சுருங்குவதற்கான காரணம், குளிரூட்டப்பட்ட மீக்கடத்திக் காந்தச் சுருள்கள் இங்கே இல்லை என்பதே. இணைவு உலைகளில் எடையையும் செலவையும் பெரிதும் கூட்டுபவை அந்தச் சுருள்களும் அவற்றைத் தாங்கும் கட்டமைப்பும்தான்.

சுருள் இல்லாமல் காந்தப்புலம் எங்கிருந்து வருகிறது?

பிளாஸ்மாவில் பாயும் மின்னோட்டத்திலிருந்தே வருகிறது. ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் இரு இணைக் கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்பது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். ஒரு பிளாஸ்மா இழையை அப்படிப்பட்ட எண்ணற்ற மெல்லிய கம்பிகளின் கட்டு என்று கொண்டால், மின்னோட்டம் கூடக்கூட அவை ஒன்றையொன்று உள்நோக்கி இழுத்து இழையை நெருக்கும். மின்னோட்டம் இசட் அச்சின் திசையில் பாய்வதால் இவ்வமைப்புக்கு இசட் பிஞ்ச் என்று பெயர்.

இவ்விளைவின் வலிமையை முதலில் காட்டியது மின்னல். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஹார்ட்லி வேல் என்ற இடத்திலிருந்த மண்ணெண்ணெய் ஆலையில், இடிதாங்கியாக நின்ற செப்புக் குழாய் ஒன்று மின்னல் பாய்ந்ததும் உள்நோக்கி நசுங்கிப்போயிற்று. மின்னோட்டத்தின் காந்தவிசைதான் அதை நசுக்கியது என்று 1905 இல் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போலக், பாராக்ளோ ஆகிய இருவரும் விளக்கினர். பிளாஸ்மாவுக்கான சமநிலைக் கணக்கை 1934 இல் வில்லர்ட் பென்னெட் எழுதினார். உள்ளே இருக்கும் வெப்ப அழுத்தமும் வெளியே இருக்கும் காந்த அழுத்தமும் ஈடாகும்போது, இழையின் ஒரு மீட்டர் நீளத்தில் உள்ள துகள்களின் எண்ணிக்கையை வெப்பநிலையால் பெருக்கினால் கிடைப்பது மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அவர் தந்த உறவு.

அந்த உறவை ஃப்யூஸ் கருவியின் எண்களில் பொருத்திப் பார்க்கலாம். 2 லட்சம் ஆம்பியர் மின்னோட்டம் 3 மி.மீ. ஆரத்துக்குள் பாய்ந்தால் இழையின் விளிம்பில் காந்தப்புலம் 13 டெஸ்லாவைத் தாண்டுகிறது. ஈட்டர் பிளாஸ்மாவின் நடுவே திட்டமிடப்பட்டுள்ள புலம் 5.3 டெஸ்லா. ஃப்யூஸ் இழையின் 13 டெஸ்லா புலம் தரும் அழுத்தம் ஏறத்தாழ 700 வளிமண்டல அழுத்தம். பிளாஸ்மாவின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஆயிரம் கோடி கோடி அயனிகள், அதாவது ஈட்டரில் இருக்கப்போவதைப் போல் ஆயிரம் மடங்கு. இவற்றைப் பென்னெட் உறவில் இட்டால் அயனிகளுக்கும் எலக்ட்ரான்களுக்கும் தலா 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அதாவது 2 கோடி டிகிரிக்கு மேற்பட்ட வெப்பநிலை கிடைக்கிறது. கருவியில் அளந்த வெப்பநிலை 1 முதல் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட். 1934 இல் எழுதிய ஒரு வரிச் சமன்பாடு இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இவ்வளவு எளிமையான வழி 1950களிலேயே ஏன் வெற்றி பெறவில்லை?

அன்று பெரும்பாலோர் முதலில் முயன்றதே இந்த வழியைத்தான். லண்டனில் ஜார்ஜ் தாம்சனும் பிளாக்மனும் 1946 இல் பிஞ்ச் உலைக்குக் காப்புரிமை கோரினர். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜேம்ஸ் டக் ஒரு கருவி கட்டினார். சோவியத் நாட்டிலும் இதே ஆய்வு நடந்தது. எங்கும் ஒரே கதைதான்: இழை நெருங்கும், சூடாகும், உடனே உடைந்துபோகும்.

உடைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இழையின் ஓரிடம் சற்றே மெலிந்தால் அங்கே காந்தப்புலம் வலுத்து அதை மேலும் நெரிக்கும். இழை அவ்விடத்தில் அறுந்துபோகும். இது இடைசுருங்கும் நிலையின்மை. இழை ஒரு பக்கமாகச் சற்றே வளைந்தால் வளைவின் உட்புறத்தில் காந்தப்புலக் கோடுகள் நெருங்கி, வளைவை வெளியே தள்ளும். இழை நெளிந்து சுவரில் மோதும். இது நெளியும் நிலையின்மை. இரண்டுக்கும் ஆகும் நேரம், ஆல்ஃப்வென் அலை (பிளாஸ்மாவில் காந்தப்புலக் கோடுகளின் அதிர்வாக ஓடும் அலை) இழையின் ஆரத்தைக் கடக்கும் நேரத்தை ஒட்டியது. மேலே சொன்ன எண்களுக்கு அது சில நானோ வினாடிகளே. முதலாவது நிலையின்மையை, மையத்திலிருந்து விளிம்பு வரை அழுத்தம் தணியும் விதத்தைச் சரியாக அமைத்தே அடக்கலாம் என்று கடோம்ட்செவ் காட்டினார். இரண்டாவது அதற்கு அடங்குவதில்லை.

இக்காலத்தின் மிகப் பெரிய பாடம் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் இருந்த ஜீட்டா கருவி தந்தது. அது வளைய வடிவிலான பிஞ்ச். நிலைப்படுத்துவதற்காகச் சிறிதளவு வெளிப்புலமும் சேர்க்கப்பட்டிருந்தது. 1957 இல் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) நிரப்பி இயக்கியபோது, இணைவின் அடையாளமாகக் கருதப்படும் நியூட்ரான்கள் வெளிவந்தன. 1958 ஜனவரியில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில் ஆய்வகத் தலைவர் ஜான் காக்கிராஃப்ட், அவை வெப்ப இணைவிலிருந்து வந்தவை என்பதில் தமக்குத் தொண்ணூறு விழுக்காடு உறுதி என்றார். உலகெங்கும் அது தலைப்புச் செய்தியாயிற்று. அதன்பின் பேசில் ரோஸ் என்ற ஆய்வாளர் நியூட்ரான்களின் ஆற்றலைத் திசைவாரியாக அளந்தார். மின்னோட்டத்தின் திசையில் வந்தவற்றுக்கும் எதிர்த்திசையில் வந்தவற்றுக்கும் ஆற்றல் வேறுபட்டது. பிளாஸ்மா முழுவதும் சூடாகியிருந்தால் அப்படி வேறுபட வழியில்லை; நிலையின்மையின்போது எழுந்த மின்புலத்தால் சில அயனிகள் முடுக்கப்பட்டு மற்றவற்றோடு மோதியிருந்தன. அதே ஆண்டு மே மாதம் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

சோவியத் விஞ்ஞானி குர்ச்சாடோவ், 1956 ஏப்ரலில் அதே ஹார்வெல்லுக்கு வந்து ஆற்றிய உரையில் இந்த ஏமாற்று நியூட்ரான்களைப் பற்றித்தான் எச்சரித்திருந்தார் என்பது இதில் வேடிக்கை.

பாய்வு எப்படி இழையை நிலைப்படுத்துகிறது?

வாய்க்காலின் குறுக்கே கரையிலிருந்து கரைவரை பூக்களை வரிசையாக மிதக்கவிட்டால், நடுவில் உள்ளவை முந்திச் செல்ல, கரையோரம் உள்ளவை பின்தங்க, சிறிது நேரத்திலேயே வரிசை கலைந்து நீண்டுவிடும். பிளாஸ்மா இழையில் கலைவது, வளரத் தொடங்கும் நெளிவு. ஒரு நெளிவு வளர வேண்டுமானால் இழையின் உள்ளடுக்கும் வெளியடுக்கும் ஒரே இடத்தில், ஒரே கட்டத்தில், ஒன்றுசேர்ந்து வளைய வேண்டும். அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வெவ்வேறு வேகத்தில் அச்சின் வழியே ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஒத்திசைவு கைகூடுவதற்கு முன்பே கலைந்துவிடுகிறது. பாகுநிலைப் பாடத்தில் வரும் திசைவேகச் சரிவு என்ற அளவேதான் இங்கும் முக்கியம்: ஆரத்தின் வழியே நகரும்போது ஓட்டத்தின் வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது.

ஷும்லாக்கும் ஹார்ட்மனும் தந்த வரம்பின்படி, இந்தச் சரிவு, ஆல்ஃப்வென் வேகத்தை நெளிவின் அலை எண்ணால் பெருக்கி வரும் அளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் போதும். மேலே சொன்ன பிளாஸ்மாவில் ஆல்ஃப்வென் வேகம் வினாடிக்கு 8 லட்சம் மீட்டர் அளவில் இருப்பதால், விளிம்புக்கும் மையத்துக்கும் இடையே வினாடிக்கு ஒரு லட்சம் மீட்டர் அளவிலான வேறுபாடு, இழையின் சுற்றளவை ஒத்த அலைநீளமுடைய நெளிவுகளை அடக்கிவிடும்.

இதைக் கோட்பாட்டாளர் எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டுகளில் வந்த வேறு சில கணக்கீடுகள், ஒலியின் வேகத்தை மிஞ்சிய பாய்வு இல்லாமல் பயன் இராது என்றன. வரம்பின் துல்லியமான மதிப்பு, வேகமும் அழுத்தமும் ஆரத்தின் வழியே மாறும் வடிவத்தைப் பொறுத்தது. ஆகவே இந்த விவாதம் தாளில் முடியக்கூடியதாக இருக்கவில்லை. கருவியைக் கட்டித்தான் தீர வேண்டியிருந்தது.

கருவிக்குள் ஒரு துடிப்பின்போது என்ன நடக்கிறது?

ஒரே அச்சைக் கொண்ட இரண்டு உலோக உருளைகள் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கின்றன. உள்ளே இருப்பது ஒரு மின்முனை, வெளியே இருப்பது மற்றொன்று. முதலில் வெற்றிடம். விரைவாகத் திறந்து மூடும் வால்வுகள் இரு உருளைகளுக்கும் நடுவே உள்ள வளைய இடைவெளியில் ஒரு மிடறு வாயுவைச் செலுத்துகின்றன. உடனே மின்தேக்கி அடுக்கு இணைக்கப்படுகிறது. வாயு அயனியாகி மின்னோட்டம் இரு உருளைகளுக்கும் இடையே ஆரத்தின் வழியே பாய்கிறது. அந்த மின்னோட்டமும் அதன் காந்தப்புலமும் சேர்ந்து பிளாஸ்மாவை அச்சுத் திசையில் தள்ளுகின்றன. உள் உருளை முடியும் இடத்தில், கூம்பிய கிராஃபைட் முனைக்கு அப்பால், பிளாஸ்மாவுக்கு உட்புறத் தடை இல்லாமல் போகிறது. அது அச்சை நோக்கிச் சரிந்து, அந்த முனைக்கும் எதிரே அரை மீட்டர் தள்ளியுள்ள மின்முனைத் தட்டுக்கும் இடையே இழையாக நெருங்குகிறது.

இத்துடன் நின்றால் அது பழைய பிஞ்ச்தான். இங்கே வேறுபாடு என்னவென்றால், பின்னாலிருக்கும் வளைய இடைவெளியில் வாயு இன்னும் மிச்சம் இருக்கிறது. அது தொடர்ந்து அயனியாகி முடுக்கப்பட்டு இழைக்குள் வந்து சேர்கிறது, எதிர்த்தட்டின் நடுவிலுள்ள துளை வழியே பழைய பிளாஸ்மா வெளியேறுகிறது. வரத்து நிற்காத வரை பாய்வு நிற்பதில்லை. பாய்வு நிற்காத வரை இழை உடைவதில்லை. வாயு தீர்ந்ததும் வேகச் சரிவு தணிந்து, பழைய நெளிவுகள் மீண்டும் தலைகாட்டுகின்றன. ஸாப் கருவியிலேயே இந்த ஒத்துப்போதல் தெளிவாகத் தெரிந்தது: காந்த உணரிகளின் சமிக்ஞை அமைதியாக இருந்த நேரமும், வேகச் சரிவு வரம்புக்கு மேல் இருந்த நேரமும் ஒன்றாகவே இருந்தன.

உண்மையிலேயே இணைவு நிகழ்ந்ததா, ஜீட்டா கதைதானா?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 2019 இல் வெளியான கட்டுரையில் ஃப்யூஸ் குழுவினர், 20 விழுக்காடு டியூட்டீரியமும் 80 விழுக்காடு ஹைட்ரஜனும் கலந்த வாயுவில் 2 லட்சம் ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தியபோது, பிளாஸ்மா சுமார் 16 மைக்ரோ வினாடிகள் அமைதியாக இருந்ததையும், அதற்குள் சுமார் 5 மைக்ரோ வினாடிகள் நியூட்ரான் தொடர்ந்து வெளிவந்ததையும் பதிவு செய்தனர். நிலையின்மை வளரும் நேரத்தோடு ஒப்பிட்டால் 5 மைக்ரோ வினாடி என்பது ஆயிரம் மடங்குக்கு மேல். நிலையின்மையால் எழும் நியூட்ரான்களாக இருந்தால் அவை ஒரு கணத் தெறிப்பாக வந்து ஓய்ந்திருக்க வேண்டும்.

டியூட்டீரியத்தின் விகிதத்தை மாற்றியபோது நியூட்ரான் எண்ணிக்கை அவ்விகிதத்தின் இருமடியாக மாறியது. இரண்டு டியூட்டீரியம் கருக்கள் சந்தித்தால்தான் வினை நடக்கும் என்பதால் இப்படித்தான் இருக்க வேண்டும். பிறகு 2021 இல், ஜீட்டாவைக் கவிழ்த்த அதே சோதனையைச் செய்து, நியூட்ரான்களின் ஆற்றல் திசைக்குத் திசை பெரிதாக வேறுபடவில்லை என்றும், முடுக்கப்பட்ட அயனிக் கற்றையால் இவற்றை விளக்க முடியாது என்றும் வெளியிட்டனர். 2024 இல் எலக்ட்ரான் வெப்பநிலையை லேசர் ஒளிச்சிதறல் முறையில் நேராக அளந்து 1 முதல் 3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்று காட்டினர். 1969 இல் ஆங்கிலேய விஞ்ஞானிகள் மாஸ்கோவுக்கு லேசரைக் கொண்டுசென்று டோகாமாக்கின் வெப்பநிலையை உறுதிசெய்ததும் இதே முறையில்தான். உலகம் முழுவதும் டோகாமாக் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான்.

எனவே இணைவு நிகழ்ந்தது என்று சொல்லலாம். எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த 2019 கட்டுரையில் ஒரு துடிப்புக்கு வந்த நியூட்ரான்கள் சராசரியாக 1,25,000. அதை ஆற்றலாக மாற்றினால், நியூட்ரான் தராத கிளை வினையையும் சேர்த்து, ஒரு ஜூலைக் கோடிப் பங்காக்கி அதில் ஒன்றரைப் பங்குதான் தேறும்.

அப்படியானால் ஆதாயம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது?

மிகத் தொலைவில். ஆனால் பாதை செங்குத்தானது. மீட்டருக்கு உள்ள துகள் எண்ணிக்கை மாறாமல் மின்னோட்டத்தை இருமடங்காக்கினால் பென்னெட் உறவின்படி வெப்பநிலை நான்கு மடங்காகிறது. டியூட்டீரியமும் டிரிட்டியமும் (ஹைட்ரஜனின் இன்னும் கனமான, கதிரியக்கமுள்ள வடிவம்) சேர்ந்த கலவைக்கு 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 8 க்குப் போனாலே வினைத்திறன் இருநூறு மடங்கு அளவில் கூடுகிறது. இழை மேலும் நெருங்கி அடர்த்தியும் கூடினால் அதுவும் சேரும். தூய டியூட்டீரியத்துக்கு மாறினால் 25 மடங்கு; டிரிட்டியம் சேர்த்தால் அதற்கு மேலும் பல பத்து மடங்கு.

ஃப்யூஸ் கருவியில் மின்னோட்டம் 5 லட்சம் ஆம்பியரை எட்டியது. சுமார் 6.5 லட்சம் ஆம்பியரில், டிரிட்டியம் கலந்த எரிபொருள் என்று வைத்துக் கணக்கிட்டால், பிளாஸ்மாவுக்குள் செலுத்திய ஆற்றலும் இணைவில் வந்த ஆற்றலும் ஈடாகும் என்பது குழுவினரின் கணிப்பு. அதற்காகக் கட்டப்பட்ட ஃப்யூஸ்-க்யூ 2022 இல் முதல் பிளாஸ்மாவை உருவாக்கியது. அடுத்து வந்த ஃப்யூஸ்-3 கருவியில் மூன்றாவது மின்முனை ஒன்றைச் சேர்த்து, முடுக்குவதற்கும் நெருக்குவதற்கும் தனித்தனியே மின்னோட்டம் தருகிறார்கள். 2025 இறுதியில் அதில் 1.6 கிகா பாஸ்கல் அளவிலான பிளாஸ்மா அழுத்தம் கிடைத்ததாக அறிவித்தனர்.

ஆறரை லட்சம் என்ற இலக்கு அறிவிக்கப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியும் ஈடான நிலை வரவில்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. மின்தேக்கியில் இருந்து கிளம்பும் மின்னோட்டம் வேறு, இழைக்குள் உண்மையில் நுழையும் மின்னோட்டம் வேறு. மூன்றாவது மின்முனையின் தேவை அங்கேதான் எழுந்தது என்று நான் கருதுகிறேன்.

2022 இல் லிவர்மோர் ஆய்வகம் அறிவித்த வெற்றியும் இதுவும் ஒன்றா?

இல்லை. அங்கே 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகா ஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகா ஜூல் இணைவு ஆற்றல் பெற்றார்கள். லேசரை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகா ஜூல். இங்கே லேசர் அளப்பதற்கு மட்டுமே பயன்படுகிறது. மின்தேக்கியின் ஆற்றல் நேராகப் பிளாஸ்மாவுக்குப் போவதால் வழியில் இழப்பு குறைவு. இந்த வழியின் பெரிய கவர்ச்சியே அதுதான்.

இதை வைத்து மின்நிலையம் எப்படி அமையும்?

நிறுவனத்தின் திட்டத்தில் ஓர் அலகு ஏறத்தாழ 50 மெகாவாட் மின்சாரம் தரும். வினாடிக்குப் பத்துத் துடிப்புகள் வரை நிகழும். வெப்பத்தில் நான்கில் ஒரு பங்கு மின்சாரமாக மிஞ்சும் என்று கொண்டால், ஒவ்வொரு துடிப்பும் 20 மெகா ஜூல் தர வேண்டும். முன்பு சொன்ன 2019 துடிப்போடு ஒப்பிட்டால் இது கோடி கோடி மடங்கு. மின்னோட்டமும் எரிபொருளும் சேர்ந்து இந்த இடைவெளியை நிரப்ப வேண்டும்.

இழையைச் சுற்றித் தடித்த திரையாக உருகிய ஈயமும் லித்தியமும் கலந்த திரவ உலோகம் பாயும். டியூட்டீரியம்–டிரிட்டியம் வினையில் பிறக்கும் 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை நியூட்ரானே எடுத்துச் செல்கிறது. அதை உறிஞ்சிச் சூடாவது, லித்தியத்திலிருந்து டிரிட்டியம் விளைவிப்பது, பின்னாலிருக்கும் எஃகைக் காப்பது, ஒரு மின்முனையாக நின்று மின்னோட்டத்தைக் கடத்துவது ஆகிய நான்கு வேலைகளையும் அந்தத் திரவம் ஒன்றே செய்ய வேண்டும். திடச்சுவராக இருந்தால் நியூட்ரான் அடியில் ஆண்டுகள் செல்லச்செல்ல நொய்ந்துபோகும். திரவம் ஓடிக்கொண்டே இருப்பதால் நொய்வதற்கு எதுவும் இல்லை.

இதைப் பழகிப் பார்ப்பதற்காக 2024 இல் செஞ்சுரி என்ற சோதனை அமைப்பை இயக்கத் தொடங்கினர். அதில் இணைவு நடப்பதில்லை. உருகிய பிஸ்மத் சுழல, பத்து வினாடிக்கு ஒரு துடிப்பு வீதம், ஆயிரத்துக்கு மேற்பட்ட துடிப்புகளைத் தொடர்ச்சியாக நடத்திக் காட்டினார்கள்.

பொறியியலில் மிகக் கடினமானது எது?

என் பார்வையில் மின்முனைதான். இரண்டு லட்சம் ஆம்பியர் மின்னோட்டம் இழையின் அகலத்திலிருந்து பரவாமல் முனையைத் தொட்டால் சதுர செ.மீ.க்கு 7 லட்சம் ஆம்பியர் வரும். டோகாமாக்கில் பிளாஸ்மா வளையமாக மூடிக்கொள்கிறது. இசட் பிஞ்ச்சுக்கு இரண்டு முனைகள் உண்டு, இரண்டும் ஏதாவது ஒரு பொருளைத் தொட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் கிராஃபைட் முனை சிறிது ஆவியாகிறது. ஆய்வகத்தில் அது பொருட்டல்ல. வினாடிக்குப் பத்து என்றால் ஒரு நாளைக்கு 8,64,000 துடிப்புகள். ஓர் ஆண்டுக்கு முப்பது கோடிக்கும் மேல். ஆவியாகும் கரி இழைக்குள் கலந்தால் கதிர்வீச்சால் வெப்பமும் போய்விடும்.

மின்தேக்கிகளும் சாவிகளும் அதே முப்பது கோடித் துடிப்புகளைத் தாங்க வேண்டும். வெப்பம் முனைகள் வழியே எவ்வளவு கசியும் என்பதும் மின்னோட்டம் உயரும்போதுதான் தெரியும்.

டிரிட்டியம் எங்கிருந்து கிடைக்கும்?

டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், இயற்கையில் சேமித்து வைக்கும் அளவுக்கு அது இல்லை. இன்று கனடாவில் உள்ளவை போன்ற கனநீர் உலைகளில் பக்க விளைபொருளாகச் சிறிதளவு கிடைக்கிறது. கல்பாக்கத்தின் கனநீர் உலைகளிலும் அது உண்டாகிறது. ஒரு கிகாவாட் இணைவுத் திறனில் ஓராண்டு இயங்க ஏறத்தாழ 56 கிலோ தேவை என்பதால், எந்த இணைவு உலையும் தன் டிரிட்டியத்தைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும். இழையைச் சுற்றிலும் லித்தியத் திரவம் சூழ்வது இங்கே சாதகம். மின்முனைகள் இருக்கும் இரு முனைகளிலும் திரை திறந்திருப்பது பாதகம்.

வெடித்துவிடும் ஆபத்து உண்டா?

இல்லை. பிளவு உலையில் உள்ளதுபோல் தொடர்வினை இதில் கிடையாது. மின்னோட்டம் நின்றால் சில நானோ வினாடிகளில் இழை உடைந்து வினை நின்றுவிடும். கவலைப்பட வேண்டியவை டிரிட்டியக் கசிவும், நியூட்ரான் பட்டுக் கதிரியக்கம் பெறும் உலோகப் பாகங்களும், ஆய்வகத்தில் பணியாற்றுவோருக்கு உயர் மின்னழுத்த மின்தேக்கிகளும்தான்.

சிறிய இணைவு உலை வருகிறது என்று முன்பும் சொன்னார்களே?

சொன்னார்கள். 2014 அக்டோபரில் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம், லாரியில் ஏற்றக்கூடிய 100 மெகாவாட் உலையைப் பத்து ஆண்டுகளில் பயன்பாட்டுக்குக் கொண்டுவர முடியும் என்று அறிவித்தது. அந்தத் திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. அங்கே காந்தச் சுருள்களைப் பிளாஸ்மாவுக்குள்ளேயே வைக்க வேண்டியிருந்தது. அவற்றை நியூட்ரானிலிருந்து காக்கும் கவசத்தைச் சேர்த்தபோது எந்திரத்தின் அளவு பெருகியது. சியாட்டில் கருவியில் காப்பதற்குச் சுருள் இல்லை என்பதால் அந்தத் தவறு திரும்ப நேராது. மின்முனையின் சிக்கல் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மின்சாரம் எப்போது வரும்?

ஆண்டு சொல்லும் எவரையும் நான் நம்புவதில்லை. ஈட்டரே தன் டியூட்டீரியம்–டிரிட்டியம் சோதனையை 2039 க்குத் தள்ளி வைத்துள்ளது. சியாட்டில் குழுவினரைப் பொறுத்தவரை, இழைக்குள் பாயும் மின்னோட்டம் எவ்வளவு, அதே துடிப்பில் வெப்பநிலை, அடர்த்தி, நீடித்த நேரம் மூன்றையும் சேர்த்து அளந்தார்களா, நியூட்ரானின் ஆற்றலைத் திசைவாரியாகப் பார்த்தார்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தரும் ஒரு கட்டுரை, பத்து முதலீட்டு அறிவிப்புகளை விட எடை மிகுந்தது.

இந்தியாவில் இத்துறையைப் படிக்க இடம் உண்டா?

காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆய்வு நிறுவனம் 1989 முதல் ஆதித்யா டோகாமாக்கை இயக்கி வருகிறது. மீக்கடத்திச் சுருள்களைக் கொண்ட எஸ்எஸ்டி-1 கருவியும் அங்கேதான் இருக்கிறது. ஈட்டரைச் சூழ்ந்து நிற்கும் குளிர்கலனின் பாகங்கள் குஜராத்தின் ஹஜீராவில் லார்சன் அண்ட் டூப்ரோ ஆலையில் உருவானவை. இவை யாவும் டோகாமாக் வழி. இசட் பிஞ்ச்சின் நெருங்கிய உறவான பிளாஸ்மா ஃபோகஸ் என்ற கருவியோ பல்கலைக்கழக ஆய்வகத்திலேயே அமைக்கக்கூடியது. 1980களில் மலேசியாவில் சிங் லீ என்ற இயற்பியலாளர் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் பயிற்சித் திட்டத்துக்காக 3 கிலோ ஜூல் அளவிலான அத்தகைய கருவி ஒன்றை வடிவமைத்தார். வளரும் நாடுகளிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள் அதே கருவியைத் தம் நாடுகளுக்குக் கொண்டுசென்றனர். தில்லிப் பல்கலைக்கழகத்துக்கும் ஒன்று வந்தது. முனையிலிருந்து இழை நெருங்குவதையும், நெளிந்து உடைவதையும், அந்த உடைவில் நியூட்ரான் தெறிப்பதையும் ஒரு முதுகலை மாணவர் அலைநோக்கியில் தாமே பார்த்துக்கொள்ள அந்தக் கருவி போதும்.